ஹம், இரைச்சல், கரகரப்பு: ஆம்ப், ஸ்பீக்கர் சத்தங்களைத் தேடிப் பிடிக்க முழு வழிகாட்டி

பாட்டு எதுவும் ஓடாத நேரத்தில் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அது ‘ம்ம்ம்’ என்று முனகினாலோ, ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைந்தாலோ, வால்யூமைத் தொட்டதும் கரகரவென்று கத்தினாலோ பெரும்பாலானவர்கள் முதலில் கேபிளை மாற்றுகிறார்கள், அப்புறம் ஸ்பீக்கரைச் சந்தேகப்படுகிறார்கள், கடைசியில் ஆம்பையே (ஆம்ப்ளிஃபயர்) மாற்றிவிடலாமா என்று போய்விடுகிறார்கள். இந்த வரிசை தப்பு. சத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று தெரியாமல் எதை மாற்றினாலும் அது குருட்டாம்போக்குதான்.

என் வீட்டில் ஒருமுறை மூன்று வாரம் ஹம், அதாவது அந்த ‘ம்ம்ம்’ சத்தம், இருந்தது. நல்ல கேபிள் போட்டுப் பார்த்தேன், ஆம்பை வேறு சாக்கெட்டில் சொருகிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் இருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி காது கொடுத்துக் கேட்டேன். டிவிக்குள் போகும் ஆன்டெனா கேபிளைத் திருகிக் கழற்றிய அந்த நொடியில் அறை அப்படியே அமைதியாகிவிட்டது. டிவிக்கும் ஆம்புக்கும் நடுவே ஒரே ஒரு ஆடியோ ஒயர்தான் இருந்தது, ஆனால் சத்தம் வந்த பாதை அதுதான். அன்றிலிருந்து எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன்பு கழற்றிக் கேட்பதுதான் என் பழக்கம். கீழே சொல்வதெல்லாம் அந்த முறையைத்தான்.

கைவைக்கும் முன் இரண்டு விஷயம்

மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டுவது, டேப் சுற்றி மறைப்பது, எர்த் இல்லாத அடாப்டர் வழியாகச் சொருகுவது, இவற்றில் எதையும் செய்யாதீர்கள். ஹம் போய்விடும், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு ஒயர் நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்தப் பெட்டியும் அதோடு இணைந்த எல்லா ஆடியோ கேபிள்களின் வெளிப்புற உலோகமும் மின்சாரம் பாயும் நிலைக்கு வந்துவிடும். ஹம்மை நிறுத்த ஆபத்தில்லாத வழிகள் நிறைய இருக்கின்றன, கீழே வருகின்றன.

அடுத்தது, ஆம்பின் மூடியைத் திறப்பது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகங்கள்) சார்ஜ் நிற்கும். வால்வு ஆம்ப் என்றால் உள்ளே 300, 400 வோல்ட் சாதாரணம், அது உயிரை எடுக்கக்கூடியது. மல்டிமீட்டர் வைத்து அளந்து பழக்கம் இல்லையென்றால் திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான சத்தங்களுக்கு அதுவே போதும்.

முதல் படி: சத்தத்துக்குப் பெயர் வையுங்கள்

கேட்கும்போது ‘ஏதோ சத்தம்’ என்று விட்டுவிடாமல் அது என்ன மாதிரி என்று பிரித்துப் பாருங்கள். அடித்தொண்டையில் முனகுவது போன்ற மென்மையான ‘ம்ம்ம்’ என்றால் அது மின்சார லைனின் அதிர்வெண், நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ். பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ, எர்த் லூப்போ (கீழே தனியாக வருகிறது), ஷீல்டு, அதாவது ஒயரைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல், அறுந்த கேபிளோ இப்படிக் கேட்கும். அதைவிடக் கூர்மையாக ‘ஜ்ஜ்ர்ர்’ என்று வண்டு பறப்பது போல இருந்தால் அதில் 100 அல்லது 120 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் கலந்திருக்கின்றன. பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர் தளர்ந்தாலும் இப்படி வரும், டிம்மர் விளக்கு எரிந்தாலும் வரும், எர்த் லூப் மோசமானாலும் வரும். ஆகவே காதை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது. காது தேடலின் திசையைத்தான் காட்டும்.

மழை பெய்வது போன்ற சீரான ‘ஸ்ஸ்ஸ்’ வேறு கதை. மவுஸை நகர்த்தினால் கீச்சிடும் மெல்லிய ஊளை இன்னொரு கதை. குமிழைத் திருகினால் மட்டும் வரும் கரகரப்பு தூசியின் வேலை. ஆன் செய்யும்போது ஒருமுறை ‘டப்’ என்று வந்தால், மெதுவாக இருக்கும்வரை கவலை இல்லை. ஆனால் அந்த ‘டப்’ வரவரப் பெரிதாகிறது, ஊஃபர் (பேஸ் ஒலி தரும் பெரிய கோன்) வெளியே தள்ளி அப்படியே நிற்கிறது என்றால் உடனே அணைத்து ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். அது ஆம்பின் வெளியீட்டில் டிசி (திசை மாறாத மின்சாரம்) வருகிறது என்பதற்கான அறிகுறி, சில விநாடிகளில் கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் கருகிவிடும்.

இரண்டாம் படி: வால்யூம் குமிழ் சொல்லும் உண்மை

இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். பாட்டை நிறுத்துங்கள். வால்யூமை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். சத்தமும் கூடவே ஏறி இறங்கினால், அது வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால் நுழைகிறது, அதாவது பாட்டு வரும் கருவி, கேபிள், ஆம்பின் முன்பகுதி. குமிழை முழுக்க இறக்கினாலும் சத்தம் அதே அளவில் இருந்தால் குமிழுக்குப் பின்னால்தான் பிறக்கிறது, அதாவது பவர் ஆம்ப், பவர் சப்ளை, அல்லது ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்ப் இருந்தால் அதன் உள்பகுதி.

குமிழோடு சத்தமும் நகர்கிறதா? அப்படியானால் ஆம்பின் பின்னால் இருக்கும் எல்லா இன்புட் கேபிள்களையும் பிடுங்குங்கள். ஸ்பீக்கரும் பவர் ஒயரும் மட்டும் இருக்கட்டும். கேபிளைச் சொருகுவதற்கும் கழற்றுவதற்கும் முன்னால் ஒவ்வொரு முறையும் வால்யூமை இறக்கிவிடுங்கள். ஆர்சிஏ பிளக்கில் (சிவப்பு, வெள்ளை நிறத்தில் வரும் சாதாரண ஆடியோ பிளக்) நடு முள்தான் முதலில் தொடும், எர்த் வளையம் அப்புறம்தான் சேரும், அந்த இடைவெளியில் வரும் உறுமல் ட்வீட்டருக்கு (கூர்மையான ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) நல்லதல்ல. எல்லாம் கழன்ற பிறகு அமைதியாகிவிட்டால் ஆம்ப் நல்லது. இனி கருவிகளை ஒவ்வொன்றாகச் சேருங்கள், ஒன்று சேர்த்தால் பத்து விநாடி கேளுங்கள், எதைச் சேர்த்ததும் சத்தம் திரும்புகிறதோ அதுதான் வழி.

ஒரே பக்கத்தில் மட்டும் சத்தம் வந்தால் வேலை இன்னும் சுலபம். இன்புட்டில் இடது வலது கேபிளை மாற்றிச் சொருகுங்கள். சத்தம் மறுபக்கம் தாவினால் கோளாறு கேபிளிலோ கருவியிலோ இருக்கிறது. தாவாமல் அதே பக்கம் இருந்தால் ஆம்பை அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றுங்கள். இப்போதும் அதே ஸ்பீக்கரில்தான் வருகிறதென்றால் ஸ்பீக்கரைப் பாருங்கள், அடுத்த ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் ஆம்பின் அந்தச் சேனல்.

எர்த் லூப்: அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான்

ஆம்பை எர்த் உள்ள சாக்கெட்டில் சொருகியிருக்கிறீர்கள். கம்ப்யூட்டரும் அறையின் வேறொரு மூலையில் எர்த் உள்ள சாக்கெட்டில் இருக்கிறது. இரண்டும் எர்த்தில்தான் சேர்கின்றன, ஆனால் வீட்டு ஒயரிங்கின் நீளத்தால் இரண்டு இடத்திலும் எர்த் துல்லியமாக ஒரே அளவில் இருக்காது, நடுவில் சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கும். இப்போது இரண்டையும் ஆடியோ கேபிளால் இணைக்கிறீர்கள். அந்தக் கேபிளின் ஷீல்டும் ஓர் எர்த் ஒயர்தான். ஆக ஒரு முழு வளையம் உருவாகிவிட்டது, அந்த மில்லிவோல்ட் வித்தியாசம் ஷீல்டு வழியாக மின்னோட்டமாக ஓடுகிறது, ஆம்ப் அதையும் சிக்னல் என்று நினைத்துப் பெருக்குகிறது. கேபிள் எவ்வளவு தரமானதாக இருந்தாலும் இது நிற்காது. விலை உயர்ந்த கேபிள் வாங்கி ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ஒரே சுவர் சாக்கெட்டில் இருந்து எடுங்கள் (மொத்த லோடு அதன் அளவுக்குள் இருக்கட்டும்). வளையம் சின்னதாகிவிடுவதால் பல வீடுகளில் இதிலேயே முக்கால்வாசி ஹம் போய்விடும். தனியாக ஒரு மூலையில் நிற்கும், ஆம்ப் உள்ள சப்ஊஃபர்தான் இதில் வழக்கமான குற்றவாளி, ஏனென்றால் அதன் சிக்னல் கேபிளும் நீளம், சாக்கெட்டும் வேறு.

போகவில்லையா, வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் உலோகக் கேபிள்களைப் பாருங்கள். ஆன்டெனா, கேபிள் டிவி, டிஷ். இவற்றின் ஷீல்டுக்குத் தனியாக வேறு எங்கோ எர்த் இருக்கும், வளையம் அந்த வழியாக மூடிக்கொள்ளும். கழற்றியதும் அமைதியானால் அந்தக் கேபிளில் ஆன்டெனா லைனுக்கான ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைப் பிரித்து சிக்னலை மட்டும் விடும் சின்னக் கருவி) ஒன்றைப் போடுங்கள். டிஷ் கேபிள் வழியாக மேலே டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு மின்சாரம் போகிறது என்பதால் அதற்கு எல்லா ஐசொலேட்டரும் ஒத்துவராது, பொருத்தமானதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது, சிக்னலை எர்த்திலிருந்து பிரிப்பது. கருவியிலும் ஆம்பிலும் ஆப்டிகல் சாக்கெட் இருந்தால் அதுதான் மிகச் சுத்தமான வழி. 1983இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க் என்ற இந்த ஆப்டிகல் இணைப்பு இன்றும் இந்த வேலைக்கு அருமையாக உதவுகிறது, வெளிச்சத்தில் எர்த் ஓடாது. ஆப்டிகல் இல்லையென்றால் 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஐசொலேட்டர். மலிவான சின்ன ஐசொலேட்டர்களில் பேஸ் கொஞ்சம் மெலியும், உரத்த பேஸில் சிதறும், உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் உலோக உள்ளகம் (கோர்) போதாததுதான் காரணம். சோதனைக்கு மலிவானது போதும், நிரந்தரமாக வைப்பதென்றால் நல்லதாகப் பாருங்கள். மானிட்டர் ஸ்பீக்கர்களில் எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு இன்புட் (சிக்னலை இரண்டு ஒயரில் வாங்கும் மூன்று முள் சாக்கெட்) இருந்தால், கருவியிலும் பேலன்ஸ்டு அவுட்புட் இருக்கும்பட்சத்தில் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு ஒயரிலும் ஒரே மாதிரி ஏறும் ஹம்மை அது கழித்துவிடும்.

லேப்டாப்பும் புளூடூத் போர்டும்

லேப்டாப்பில் சார்ஜர் சொருகினால் மட்டும் சத்தம் என்றால் காரணம் சார்ஜர்தான். ஒரு நொடியில் சோதிக்கலாம்: சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிடுங்கள். நின்றுவிட்டால், ஆடியோ ஒயரில் ஐசொலேட்டர் போடுங்கள், அல்லது ஆடியோவை யுஎஸ்பி டேக்கிலிருந்து (யுஎஸ்பியில் சொருகும் வெளி ஆடியோ கருவி) ஆப்டிகலாக வெளியே எடுங்கள். இரண்டு முள் சார்ஜர்களில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சின்னக் கெபாசிட்டர் வழியாக மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் வரும். உலோக உடல் லேப்டாப்பைத் தடவும்போது விரலில் மெல்லிய அதிர்வு தெரிவது அதனால்தான். ஆடியோவில் அது ‘ஜ்ஜ்’ என்று கேட்கும்.

சொந்தமாக ஆம்ப் போர்டு கட்டுகிறவர்கள் தவறாமல் மாட்டிக்கொள்ளும் இன்னொரு சத்தம்: ஒரே 12 வோல்ட் அடாப்டரில் ஆம்ப் போர்டுக்கும் புளூடூத் போர்டுக்கும் பவர் கொடுத்தால், பாட்டுக்குப் பின்னால் கீச்கீச்சென்று டிஜிட்டல் ஊளை வரும். புளூடூத் சிப் சிக்னல் தேடும்போது, இணையும்போது அதன் சத்தம் மாறுவதைக்கூடக் கேட்கலாம். புளூடூத் போர்டின் மின்னோட்டமும் ஆடியோவும் ஒரே கிரவுண்டு ஒயரைப் பகிர்வதுதான் காரணம். புளூடூத்துக்குத் தனி அடாப்டர் கொடுங்கள், அல்லது ஐசொலேட் செய்யப்பட்ட 5 வோல்ட் டிசி-டிசி மாட்யூல் ஒன்றை நடுவில் போடுங்கள். ‘ஐசொலேட்டட்’ என்று போட்டிருக்க வேண்டும். சாதாரண ஸ்டெப்-டவுன் மாட்யூலில் இரண்டு பக்க கிரவுண்டும் ஒன்றுதான், அது இதற்கு உதவாது.

டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு

டர்ன்டேபிளில் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் கொடுப்பது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் கொடுப்பது சுமார் 2 வோல்ட். 400 மடங்கு வித்தியாசம். போதாதற்கு ஃபோனோ ஆம்பில் (கார்ட்ரிட்ஜ் சிக்னலைப் பெருக்கும் முன் ஆம்ப்) இருக்கும், இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த பேஸைத் திரும்ப ஏற்றும் ஆர்ஐஏஏ திருத்தம் 50 ஹெர்ட்ஸை 1 கிலோஹெர்ட்ஸைவிடச் சுமார் 17 டெசிபல் தூக்கிவிடும். ஹம் நுழைந்தால் அது பெரிதாகக் கேட்காமல் என்ன செய்யும்.

டர்ன்டேபிளின் தனி எர்த் ஒயரை ஆம்பின் பின்னால் உள்ள எர்த் திருகில் இறுக்கிக் கட்டியிருக்கிறதா பாருங்கள். டோன்ஆர்மை (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) விரலால் தொடும்போது ஹம் குறைந்தால் அந்த எர்த் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஆர்மைத் தட்டின் குறுக்கே மெதுவாக நகர்த்தும்போது சில இடத்தில் ஹம் ஏறினால், கார்ட்ரிட்ஜ் ஏதோ ஒரு டிரான்ஸ்ஃபார்மரையோ மோட்டாரையோ நெருங்குகிறது. ஆம்பை டர்ன்டேபிளுக்குக் கீழே வைத்திருந்தால் ஒரு அடி தள்ளி வைத்துப் பாருங்கள். தூரம் கூடக் கூடக் காந்தப்புலம் வேகமாகக் குறையும்.

‘ஸ்ஸ்ஸ்’ இரைச்சல்

இது முழுக்க ஒழியாது. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைவதால் ஓர் இரைச்சல் உண்டு, 1928இல் ஜான்சன் அளந்து காட்டியதும் நைக்விஸ்ட் விளக்கியதும் இதைத்தான். ட்வீட்டரில் காதை வைத்தால் மெல்லிதாகக் கேட்கிறது, உட்காரும் இடத்தில் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

உட்காரும் இடத்திலும் கேட்டால் பெரும்பாலும் வால்யூம் வைத்திருக்கும் முறைதான் தப்பாக இருக்கும். ஃபோனில் அல்லது கம்ப்யூட்டரில் வால்யூமைக் கால்வாசியில் வைத்துவிட்டு ஆம்பை முக்கால்வாசிக்கு ஏற்றினால், பலவீனமான பாட்டோடு சேர்த்து இரைச்சலையும் ஆம்ப் பெருக்கும். தலைகீழாக மாற்றுங்கள்: கருவியில் முழுதாக அல்லது முழுதுக்குச் சற்றுக் கீழே, ஆம்பில் தேவையான அளவு மட்டும். ஆம்ப் உள்ள ஸ்பீக்கரின் பின்னால் கெயின் குமிழ் இருந்தால் அதையும் இறக்குங்கள். சென்சிடிவிட்டி அதிகமான, அதாவது அதே சிக்னலுக்கு அதிகச் சத்தம் தரும் ஸ்பீக்கரில், உதாரணமாக 96 டெசிபல் போட்ட ஸ்பீக்கரில், 86 டெசிபல் ஸ்பீக்கரைவிட அதே இரைச்சல் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தெரியும். அது கோளாறு இல்லை.

கரகரப்பும், விட்டு விட்டு வரும் சேனலும்

குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், பவரை அணைத்துவிட்டு அதை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இருபது முப்பது தடவை சுற்றுங்கள். பல நேரம் அதுவே போதும். இல்லையென்றால் குமிழ்களுக்கென்றே விற்கும், மசகு கலந்த கான்டாக்ட் கிளீனரைக் குமிழின் உடலில் உள்ள இடைவெளி வழியாக ஒரே ஒரு பீச்சு. துருவேறிய திருகுக்கு அடிக்கும் எண்ணெய் வேண்டாம், அது தூசியை இன்னும் பிடித்து வைக்கும். சுத்தம் செய்த சில நாளிலேயே மறுபடி கரகரத்தால் குமிழில் டிசி கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், முன்னால் டிசியைத் தடுக்க வைத்திருக்கும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்தால் இப்படி ஆகும்.

இன்னொன்றைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். குறைந்த வால்யூமில் ஒரு பக்கம் மங்கலாக, சிதறலாகக் கேட்கிறது, வால்யூமை ஒருமுறை பலமாக ஏற்றியதும் ‘படக்’ என்று சரியாகிவிடுகிறது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார்கள். ஆன் செய்ததும் இரண்டு மூன்று விநாடி கழித்து ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் வரும் இல்லையா, அந்த ஸ்பீக்கர் ரிலேயின் தொடுமுனைகள் கறுத்துவிட்டன, அவ்வளவுதான். ரிலேயை மாற்றினால் புதிது போலப் பாடும்.

குமிழுக்குப் பின்னால் பிறக்கும் ஹம்

எல்லா இன்புட்டையும் கழற்றி, வால்யூமை இறக்கியும் இரண்டு பக்கமும் ‘ஜ்ர்ர்’ என்று ஒரே அளவில் வந்தால், ஆம்புக்கும் வயது ஆகியிருந்தால், பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களைச் சந்தேகப்படுங்கள். தலை உப்பியிருக்கலாம், உப்பாமலும் உலர்ந்துபோகலாம். வெப்பம்தான் அவற்றுக்கு எமன், 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கணக்கு. ஆம்பின் மேல் வேறு கருவியை அடுக்கிக் காற்றோட்டத்தை அடைக்காதீர்கள்.

ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, ஆம்பின் பெட்டியே முனகுகிறது என்றால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. வீட்டில் யாரோ ஹேர் டிரையரைக் குறைந்த வேகத்தில் போடும்போது மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். சில டிரையர்கள் குறைந்த வேகத்தில் மின்சாரத்தின் பாதி அலையை மட்டும் எடுத்துக்கொள்ளும், அதனால் லைனில் கொஞ்சம் டிசி சேரும், வளைய வடிவ டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் அதைத் தாங்காமல் முனகும்.

வெளியிலிருந்து காற்றில் வருவது

பழைய ஜிஎஸ்எம் ஃபோன் பக்கத்தில் இருந்தால் ‘டிட் டிடிட் டிட்’ என்று வரும், 217 ஹெர்ட்ஸில் துடிக்கும் அதன் ரேடியோ சிக்னல் அது. தள்ளி வைத்தால் தீர்ந்தது. டிம்மர், மட்டமான எல்ஈடி விளக்கு, சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பவர் ஒயரையும் சிக்னல் கேபிளையும் ஒன்றாகச் சுருட்டிக் கட்டாதீர்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும். ரேடியோ நிலையப் பேச்சே மெல்லிதாகக் கேட்டால் கேபிளின் ஆம்ப் பக்க முனையில் ஃபெரைட் கிளிப் (ரேடியோ சிக்னலைத் தடுக்க ஒயரைச் சுற்றி மாட்டுவது) போடுங்கள்.

கடைசியாக ஸ்பீக்கர்

பாட்டு ஓடும்போது மட்டும், குறிப்பாகப் பேஸில் வரும் பரபரப்புக்கு ஃபோனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, சாதாரண வால்யூமில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மிக மெதுவாக ஏற்றுங்கள். சின்ன ஸ்பீக்கர் என்றால் 50இல் தொடங்குங்கள். பரபரக்கும் இடத்தில் நிறுத்தி, பெட்டியின் மேலே, கிரில், திருகுகள் என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். ஊஃபரின் ஓரத்து ஃபோம் வளையத்தைப் பாருங்கள், பத்து இருபது வருடத்தில் அது பொடிந்துபோகும், விரலில் ஒட்டும். கோனுக்குப் புதிய வளையம் மட்டும் ஒட்டிக் காப்பாற்றலாம், முழு ஊஃபரை மாற்ற வேண்டாம்.

பவரை அணைத்துவிட்டு, விரல்களைக் கோனின் நடுவைச் சுற்றிச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். வழுவழுவென்று போய்வர வேண்டும். மணலில் தேய்ப்பது போல ‘சர்சர்’ என்று விரலுக்குத் தெரிந்தால் வாய்ஸ் காயில் உரசுகிறது. ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். அதேபோல ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளுக்கு நடுவே, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, டிசி மில்லிவோல்ட்டில் அளந்தால் 50க்குள் இருப்பது நல்லது, வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீர்கள்.

எங்கும் கோளாறு இல்லாமலும் பரபரக்கலாம். எனக்கு 63 ஹெர்ட்ஸில் மட்டும் வலது ஸ்பீக்கரிலிருந்து ஒரு தகரச் சத்தம் வந்தது, ஊஃபரைக் கழற்றப் போகும் நிலைக்கு வந்துவிட்டேன். டோனை அதே இடத்தில் ஓடவிட்டு அறையைச் சுற்றி நடந்தபோது ஸ்பீக்கருக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தின் கண்ணாடி நடுங்குவது தெரிந்தது. விரலை வைத்தேன், நின்றது. எடுத்தேன், மறுபடி வந்தது. சட்டத்தின் பின்னால் இரண்டு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினேன், அதன் பிறகு அந்தச் சத்தம் வரவில்லை.